பழைய தினமணி நறுக்குகளை எப்படிக் காப்பது? கணக்கனைப் போல எழுத இன்று ஏன் ஆள் இல்லை?

புளியரை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்தவர். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் பள்ளிக்குச் சென்றவராதலால் மலையாளமும் நன்றாக வாசிப்பார். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அவர் காசு கொடுத்து வாங்கிப் படித்த நாளிதழ் தினமணி ஒன்றுதான். ரயிலில் வரும் கட்டு ஆரியங்காவு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெளியூர்களுக்கென்று முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பும் டாக் எடிஷன் என்பதால் அதில் இருக்கும் செய்தியும் பழையதாகவே இருக்கும். செய்தியை அவர் வானொலியில் கேட்டுக்கொள்வார். நாளிதழுக்காக அவர் காத்திருந்தது தலையங்கத்துக்காகவும் நடுப்பக்கக் கட்டுரைக்காகவும்தான். அவற்றிலும் குறிப்பாக, ஆசிரியர் ஏ.என். சிவராமன் ‘கணக்கன்’ என்ற புனைபெயரில் எழுதியவற்றுக்காக.

அவர் கத்தரித்து வைத்த நறுக்குகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை அது. அதன் ஓரத்தில் தந்தையார் பென்சிலால் தாமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: கட்டுரையில் வரும் தொகையை ஆள் தொகையால் வகுத்து, வந்த விடையைக் கட்டுரையாசிரியர் சொன்ன விடையோடு ஒப்பிட்டு, பக்கத்தில் சரி என்று ஒரு குறி இட்டிருக்கிறார். அதற்குக் கீழே, தோட்டத்தில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியை அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாற்றி எழுதி, அந்தக் கூலியில் இந்தத் தொகை எத்தனை நாள் உழைப்பு என்றும் பார்த்திருக்கிறார். மலை மேல் ஒரு தகரக் கூரையின் கீழ் அமர்ந்திருந்த ஒரு கணக்குப்பிள்ளையை, அரசின் நிதிநிலையைத் தன் கைப்படச் சரிபார்க்க வைத்த எழுத்து அது. எனக்கு அந்தக் காலத்தின் மீது இருக்கும் ஏக்கம் பழைய தாளின் மணத்தாலோ அச்செழுத்தின் அழகாலோ வந்ததன்று. ‘உனக்கு இது புரியும், பொறுமையாக வா’ என்று வாசகனை மதித்து அழைத்துச் சென்ற அந்த எழுத்தாளர்களால் வந்தது.

இரண்டு கேள்விகள். எங்கள் ஊரில் ஆனி ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் சுவரே நீர் கோத்துக்கொள்ளும். இந்த நறுக்குகள் பழுத்து, மடிப்புகளில் உடையத் தொடங்கிவிட்டன. இவற்றைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது, அப்படிப்பட்ட பத்தி எழுத்து நம்மிடமிருந்து போய்விட்டது என்று நான் எண்ணுவது உண்மையா, அல்லது வயதாகிவிட்ட வாசகனின் மனக்குறை மட்டுமா? எல்லைப்புறத்தில் தமிழ் நாளிதழை நம்பி வளர்ந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

ஐயா, தங்கள் தந்தையார் பென்சிலால் போட்ட கணக்கைப் படித்தபோது மனம் நிறைந்தது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் பல்லாண்டு கற்பித்தவள் என்ற முறையில், தங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

தினமணியின் பத்தி எழுத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. 1934 செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாளன்று, அந்த நாளிதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியராக அமர்ந்தவர் தங்கள் பக்கத்து ஊரான தென்காசியைச் சேர்ந்த டி.எஸ். சொக்கலிங்கம். ஆங்கிலச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போடும் வழக்கத்தை விட்டு, நேராகத் தமிழில் சிந்தித்து எழுத வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. புதுமைப்பித்தன் போன்றோர் அவருடைய ஆசிரியர் குழுவில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தாலே அங்கு உரைநடை எப்படி மதிக்கப்பட்டது என்று விளங்கும். நிர்வாகத்தோடு கருத்து வேறுபட்டு அவர் வெளியேறி, 1944-இல் தினசரி என்ற நாளிதழைத் தொடங்கினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருக்குப் பின் தினமணியின் ஆசிரியரான சிவராமன் 1944 முதல் 1987 வரை அதே நாற்காலியில் இருந்தார். விடுதலைக்கு முந்திய ஆண்டுகள், அரசியலமைப்பு உருவான ஆண்டுகள், மொழிவழி மாநிலப் பிரிவினை, ஐந்தாண்டுத் திட்டங்கள், நெருக்கடி நிலை ஆகிய அனைத்தையும் ஒரே மனிதர், ஒரே வாசகர் கூட்டத்துக்கு, இடையறாமல் விளக்கிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு தாம் எழுதியது வாசகனுக்கு நினைவிருக்கும் என்று நம்பி, அதன் மேல் இந்த ஆண்டின் கட்டுரையை எழுப்ப அவரால் முடிந்தது. முதிய வயதில் அரபு மொழியைக் கற்கத் தொடங்கிய மனிதர் அவர். தாம் கற்றுக்கொண்டே இருந்ததால்தான் பிறருக்கும் சலிக்காமல் கற்பிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். அவருக்குப் பிறகு ஆசிரியரானவர் சிந்துவெளி எழுத்தையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன். இத்தகையவர்களை ஆசிரியராக அமர்த்தும் துணிவு நாளிதழ் நடத்துவோருக்கு இருந்தது என்பதும் கவனிக்க வேண்டியது.

ஆகவே தாங்கள் எண்ணுவது வெறும் மனக்குறை அன்று. இன்று நல்ல கட்டுரையாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பொருளாதாரத்தை ஒருவர், நீரியலை ஒருவர், சட்டத்தை ஒருவர் என்று அவ்வப்போது வந்து எழுதிவிட்டுச் செல்கிறார்கள். வாசகரும் ஒரு பெயரைத் தேடி நாள்தோறும் வருவதில்லை. கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒற்றைக் கட்டுரையாகத்தான் அது கிடைக்கிறது. தொடர்ச்சி அறுந்துவிட்டது என்பதே என் மதிப்பீடு.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. அந்தப் பக்கங்களில் எழுதியவர்களில் பெண்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். தங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணின் கூலி, தங்கள் தந்தையாரின் பென்சிலில்தான் கட்டுரைக்குள் நுழைந்ததே தவிர அச்சில் நுழையவில்லை. சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடநூல் நேரத்துக்கு வராத செய்தி சென்னையில் அச்சான நாளிதழுக்கு எட்டியதில்லை. மலையாள நாளிதழ்களுக்கும் அது பொருட்டாக இருந்ததில்லை. அந்த எழுத்தின் அருமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அருமையோடு சேர்த்து இதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

சாலைக்கடை வணிகர் எழுதியது:

அண்ணாச்சி, டீச்சர், இருவருக்கும் வணக்கம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு வணிகம் செய்யும் குடும்பம் எங்களுடையது. எல்லைப்புறத் தமிழ் நாளிதழ் என்று பேசும்போது எங்கள் ஊரை விட்டுவிட முடியாது. தினமலர் 1951 செப்டம்பர் 6 அன்று பிறந்தது திருவனந்தபுரத்தில்தான். அதைத் தொடங்கிய டி.வி. இராமசுப்பையர் நாகர்கோவில் வடிவீசுவரத்துக்காரர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்துக்குத் திருவிதாங்கூரின் தலைநகரிலேயே ஒரு தமிழ்க் குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலாக அது இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அந்தப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மறு ஆண்டு நாளிதழ் திருநெல்வேலிக்குப் பெயர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் சேரவில்லை. சாலையில் கடை வைத்திருந்த நாங்களும் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். என் பாட்டனாருக்கு அந்த இணைப்பு தந்த மகிழ்ச்சியும், தம் நாளிதழ் தம்மை விட்டுப் போன வருத்தமும் கடைசி வரை ஒன்றாகவே இருந்தன.

மற்றொன்று. நடுப்பக்கத்தை மட்டும் பத்தி எழுத்தென்று கொள்வது முறையாகாது என்பது என் எண்ணம். எங்கள் கடையில் மூட்டை தூக்கியவர்களில் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது, 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியைப் பார்த்துத்தான். பெரிய எழுத்து, சிறிய வாக்கியம், பேச்சுக்கு நெருங்கிய சொல், பிறகு கன்னித்தீவு என்ற படக்கதை. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சரக்கு இறக்குவார்கள். அதே போல, திராவிட நாடு இதழில் அண்ணா ‘தம்பிக்கு’ என்று எழுதிய மடல்களையும், முரசொலியில் கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று விளித்து எழுதியவற்றையும், குடிஅரசில் பெரியார் ‘சித்திரபுத்திரன்’ என்ற பெயரில் எழுதியவற்றையும் பத்தி எழுத்து என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? படிப்பகத்து விசுப்பலகையில் அமர்ந்து அவற்றை வாய்விட்டு வாசித்தவர்களும், தங்கள் தந்தையாரைப் போலவே எழுத்தாளரால் மதிக்கப்பட்டவர்கள்தாம். கணக்கனின் வாசகருக்குக் கொஞ்சம் பள்ளிப்படிப்பு வேண்டியிருந்தது. இவர்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை; காது இருந்தால் போதும்.

புளியரை வாசகர் எழுதியது:

டீச்சர் அம்மா சொன்னதை ஏற்கிறேன். அந்தப் பெண்ணின் கூலியை அப்பா எழுதியிருக்கிறாரே தவிர, அவருடைய பெயரை அவரும் எழுதவில்லை. சாலைக்கடை அண்ணாச்சி கூறியதும் நியாயமே. ஆனால் ஒரு வேறுபாட்டை நான் இன்னும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறேன். மடல்கள் தம்மைச் சேர்ந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. படிப்பவர் ஏற்கெனவே உடன்பட்டவர். கணக்கன் எழுதியது, தம்மோடு உடன்படாதவரும் தாமே கணக்குப் போட்டுப் பார்த்து மறுக்கட்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. வேறொரு நறுக்கில் அப்பா ‘இது தவறு’ என்றும் எழுதி வைத்திருக்கிறார். மறுக்கத் தேவையான எண்களையும் கட்டுரையே கொடுத்துவிடுவது அரிய நேர்மை என்று எனக்குப் படுகிறது.

பாலக்காட்டு நூலகப் பணியாளர் எழுதியது:

தங்கள் முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. சாரல் வருமுன் அதுதான் அவசரம். நூலகத்தில் பழைய ஏடுகளைப் பேணும் பணியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் நீக்கப்படாமல் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறி அமிலத்தைத் தோற்றுவிக்கிறது, அந்த அமிலம் நார்களை அறுக்கிறது. ஆகவே தாள் உடைவதை அடியோடு நிறுத்த வீட்டில் வழியில்லை. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். முதல் வேலையாகக் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருப் பிடித்த பின்னை இழுக்கக் கூடாது. பின்புறத்துக் கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்திவிட்டுத் தூக்கினால் தாள் கிழியாமல் வரும். உடைந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எழுத்தை மீட்க முடியாது. லேமினேஷன் செய்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தாளை அமிலத்தோடு சேர்த்துப் பூட்டி வைப்பதாகும். திரும்பப் பிரிக்கவும் இயலாது.

மடிப்புகளை ஒரே நாளில் நீவ வேண்டாம். ஈரமில்லாத நாளில் விரித்து, அமிலம் நீக்கிய தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே ஒரு கனமான பலகையை வையுங்கள். அத்தகைய தாள் கிடைக்காவிட்டால் துவைத்து வெளுத்த பழைய பருத்தி வேட்டித் துணி போதும். பிறகு ஒவ்வொரு நறுக்கையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு நறுக்கின் பழுப்பு அடுத்ததற்கு ஏறும். டிரங்குப் பெட்டி தவறில்லை, ஆனால் தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு நம் முன்னோர் ஏட்டுச்சுவடிக் கட்டில் வசம்பு வைத்த வழக்கம் உண்டு; துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், தாளின் மேல் படக் கூடாது. அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் நெடி மூடிய அறையில் மூச்சுக்குக் கேடு. சாரல் காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவ்வப்போது எடுத்து உலர்த்தி மீண்டும் வையுங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியம், இப்போதே படி எடுத்துக்கொள்வது. ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுங்கள். கைப்பேசி மட்டுமே என்றால், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், தாளின் அடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுங்கள். பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாது. ஓரத்தில் உள்ள பென்சில் எழுத்து விளங்க வேண்டும் என்பதால் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் வண்ணத்திலேயே வையுங்கள். தினமணியின் முழு இதழ்கள் சென்னைக் கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் இருக்கலாம். 1956-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி நாளிதழ்களும், அச்சாகும் நூல்களின் படிகளைப் பெற்றுப் பேணும் வைப்பு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டியவை. ஆனால் தங்கள் தந்தையார் எழுதிய ஓரக்குறிப்பு எந்த நூலகத்திலும் இராது. வாசகன் எப்படி வாசித்தான் என்பதற்கான சான்று அபூர்வமானது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்க்காரர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பின் மேல் 1994-இல் எழுந்தது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் பெட்டியைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இணையத்தில் முழுக் கட்டுரைகளை வெளியிடும் எண்ணம் இருந்தால் மட்டும் பொறுங்கள்: எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும், ஆகையால் உரியவர்களிடம் அனுமதி பெற வேண்டும்.

திருத்தணி வாசகர் எழுதியது:

வடக்கெல்லையிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. எழுத்தாளர்களைப் பற்றியே பேசுகிறோம். அந்த எழுத்தை ஈயத்தில் கோத்தவர்களையும் நினைக்க வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவரான ம.பொ.சி., மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வரதராஜுலு நாயுடு நடத்திய தமிழ்நாடு நாளிதழின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். பிறருடைய கட்டுரைகளை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்த அந்தக் கைதான் பின்னாளில் செங்கோல் இதழில் சிலப்பதிகாரத்தையும் எல்லைச் சிக்கலையும் எழுதியது. நகரிப் பக்கம் எங்கள் உறவினர் வீடுகளில் பிள்ளைகள் தெலுங்கில் படித்தாலும், பெரியவர்கள் செங்கோலைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். புளியரை நண்பர் சொன்ன அந்த மதிப்பு, கற்றவர் கல்லாதவருக்குக் காட்டிய பரிவாக மட்டும் இருந்திருக்க முடியாது. எழுதியவர்களில் சிலர் அந்த வாசகர்களுக்கு நடுவிலிருந்தே எழுந்து வந்தவர்கள்.

புளியரை வாசகர் எழுதியது:

நூலகப் பணியாளர் ஐயாவுக்கு என் நன்றி எழுத்தில் அடங்காது. இன்று காலையே துருப்பிடித்த பின்களை எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு தடை: அப்பா கட்டுரையை மட்டும் கச்சிதமாகக் கத்தரித்திருக்கிறார், பெரும்பாலானவற்றில் தேதி இல்லை. படி எடுத்தபின் எந்த வரிசையில் அடுக்குவது என்று தெரியவில்லை.

பாலக்காட்டு நூலகப் பணியாளர் எழுதியது:

நறுக்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் யாரும் பார்த்துக் கத்தரிப்பதில்லை என்பதால், அங்கே அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பரம்தான் பெரும்பாலும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். விலை அணாவில் மட்டும் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கலாம், ‘ந.பை.’ என்று இருந்தால் அதற்குப் பிந்தியது, பெரும்பாலும் 1964 நடுப்பகுதிக்கு முந்தியது, ஏனென்றால் அதன் பிறகு ‘நயா’ என்ற அடை நீங்கி வெறும் பைசா ஆகிவிட்டது. அரசு அறிவிப்பில் ‘சென்னை மாநிலம்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். ‘தமிழ்நாடு அரசு’ என்று இருந்தால் பின். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. ணை, லை, னை போன்றவை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். 1978-இல்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, நாளிதழ்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, ஆகவே இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். திரைப்பட விளம்பரம் கிடைத்தால் படம் வெளியான தேதியைக் கொண்டு மாதத்தையே நெருங்கிவிடலாம்.

படி எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாமல், பின்பக்கத்தையும் அதே எண்ணிட்டு எடுத்து வையுங்கள். தேதியைத் தாளின் மேல் எழுத வேண்டாம். உறையின் மேல் பென்சிலால் எழுதி, ஊகமாக இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். மையால் எழுதினால் சாரல் ஈரத்தில் பரவும்.